டீசல் மின் நிலையங்கள்: திரைக்கு முன் லிட்டர் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய மின்கட்டமைப்பின் கம்பி எட்டாத ஊர்களுக்கும் தீவுகளுக்கும் இன்னமும் டீசல் ஜெனரேட்டர்தான் விளக்கேற்றுகிறது. அங்கே தொலைக் கண்காணிப்பு, அதாவது டீசல், மின்சார அளவுகளைத் தானே பதிந்து தொலைவுக்கு அனுப்பும் கருவி, பொருத்தினால் டீசல் மிச்சமாகும் என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. பேச்சு சரிதான். ஆனாலும் கருவி வந்து, சுவரில் திரை ஏறி, செல்பேசியில் வரைபடம் ஓடத் தொடங்கிய பிறகும் டீசல் செலவு அசையாமல் நிற்கும் நிலையங்கள் உண்டு. பெரும்பாலும் அங்கே அளவு நம்பத் தகுந்ததாக இருக்காது. அளவு சரியாக இருந்தாலும், அதைப் பார்த்து எந்த இயந்திரத்தை எப்போது ஓட்டுவது என்பதை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். இந்த வேலையில் இருப்பவர்கள் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 யூனிட் அளவுக்கு வெப்ப ஆற்றல் இருக்கிறது. தகுந்த லோடில் ஓடும் நல்ல ஜெனரேட்டர் அதில் 3.3 முதல் 3.8 யூனிட் வரை மின்சாரமாகத் தரும். இரண்டரைக்குக் கீழே இறங்கினால் இயந்திரத்திலோ, ஓட்டும் முறையிலோ, மீட்டரிலோ கோளாறு. சிறிய நிலையம் ஒன்றில் 4.3 என்று காட்டினால் அது சாதனை அல்ல, மீட்டரைத் திறந்து பார்க்க வேண்டிய அறிகுறி. லிட்டருக்கு எத்தனை யூனிட் என்ற இந்த ஓர் எண்ணைச் சரியாக எடுக்க முடிந்தால் மீதி எல்லாம் பின்னால் வரும்.

எடுப்பதில்தான் முதல் சறுக்கல். காலை 6 மணிக்குத் தொட்டியில் குச்சி விட்டு டீசல் அளவு குறிக்கப்படும். யூனிட் மீட்டர் 9 மணிக்கு வாசிக்கப்படும். மறுநாள் இந்த நேரங்கள் இடம் மாறும். 24 மணி நேரக் கணக்கில் 3 மணி நேரம் நழுவினால் 12 சதவீதத்துக்கு மேல் பிழை வந்துவிடும். நாம் தேடும் மிச்சமே அவ்வளவுதான் இருக்கும். தொலைக் கண்காணிப்பின் முதல் பயன் இங்கே இருக்கிறது: லிட்டரும் யூனிட்டும் ஒரே கடிகாரத்தில் பதிவாகின்றன. இதற்காகவே கருவியின் நேரம் செயற்கைக்கோள் வழியாகவோ இணையம் வழியாகவோ தானே சரிசெய்துகொள்ளும்படி அமைக்க வேண்டும்.

டீசல் எங்கே வீணாகிறது? பல ஊர்களில் பெரும் பங்கு இரவில். மாலை உச்ச லோடுக்கென்று 100 கிலோவாட் இயந்திரம் வாங்கியிருப்பார்கள். நள்ளிரவுக்குப் பிறகு ஊரின் தேவை 10 கிலோவாட். இந்த அளவு இயந்திரம் முழு லோடில் மணிக்குச் சுமார் 28 லிட்டர் குடிக்கும், கால் லோடில் சுமார் 10 லிட்டர். பத்தில் ஒரு பங்கு லோடிலும் மணிக்கு 6 லிட்டர் அளவுக்குப் போய்விடும். தன்னையே சுழற்றிக்கொள்ளவும் உராய்வை வெல்லவும் அதற்கு அவ்வளவு வேண்டும். அதே 10 கிலோவாட்டை 20 கிலோவாட் இயந்திரம் அரை லோடில் சுமார் மூன்றரை லிட்டரில் தந்துவிடும். மணிக்கு இரண்டரை லிட்டர் வித்தியாசம். இரவுக்குப் பத்து மணி நேரம் என்று வைத்தால் ஆண்டுக்கு 9,000 லிட்டருக்கு மேல். டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டரை மாற்றுவதும், டீசலில் கலக்கும் எந்தச் சேர்க்கைத் திரவமும் இவ்வளவு மிச்சம் தராது.

குறைந்த லோடில் இயந்திரமும் கெடுகிறது. 30 சதவீதத்துக்குக் கீழே நெடுநேரம் ஓடினால் சிலிண்டர் போதிய சூடு ஏறாது. எரியாத டீசலும் கரியும் கலந்து சைலன்சர் இணைப்புகளில் கறுப்பு எண்ணெய்ப் பிசினாகக் கசியும். இன்ஜெக்டர் முனையில் கரி கட்டும், சிலிண்டர் சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாகி பிஸ்டன் வளையங்கள் பிடிக்காது, ஆயில் செலவு ஏறும். புகைக்குழாய் வெப்பநிலையை ஓர் உணரியால் பதிவு செய்தாலே இது வருவது முன்கூட்டித் தெரிந்துவிடும்.

அப்படியானால் சின்ன இயந்திரத்தை ஏன் ஓட்டுவதில்லை? பல நிலையங்களில் அது வாங்கப்பட்டுத் துணி போர்த்திக் கிடக்கிறது. ஆபரேட்டரின் சோம்பல் என்று தலைமை அலுவலகம் முடிவு கட்டிவிடுகிறது. பெரும்பாலும் ஆபரேட்டர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 கிலோவாட், அதாவது 25 கே.வி.ஏ. இயந்திரம் 400 வோல்ட்டில் ஒரு ஃபேஸுக்கு 36 ஆம்பியர் தரும். 10 கிலோவாட் லோடு மூன்று ஃபேஸிலும் சமமாக இருந்தால் ஃபேஸுக்கு 17 ஆம்பியர்தான், தாராளமாக ஓடும். ஆனால் கிராமத்து வீட்டு இணைப்புகள் ஒற்றை ஃபேஸ். வீடு கட்டக் கட்ட, கம்பத்தில் எது கைக்கெட்டியதோ அந்த ஃபேஸில் கொடுத்துவிடுவார்கள். பத்தில் எட்டு கிலோவாட் ஒரே ஃபேஸில் விழுந்தால் அங்கே 40 ஆம்பியரைத் தாண்டும், பிரேக்கர் விழும், நடு இரவில் ஊர் இருளும், திட்டு ஆபரேட்டருக்கு. மறுநாள் முதல் அவர் பெரிய இயந்திரத்தையே ஓட்டுவார். மொத்தக் கிலோவாட்டை மட்டும் காட்டும் திரையில் இது தெரியவே தெரியாது. ஃபேஸ் வாரியாக ஆம்பியர் பதிவானால் எந்தத் தெருவின் இணைப்புகளை எங்கே மாற்ற வேண்டும் என்று சில நாள் பதிவிலேயே தெரியும். மாற்றுவதற்குக் கம்பம் ஏறும் ஆளும் அரைநாள் மின்தடையும் போதும்.

இரண்டாவது தடை மோட்டார். 5 குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார் ஓடும்போது 7, 8 ஆம்பியர் எடுக்கும்; நேரடியாக ஸ்டார்ட் செய்யும் சில நொடிகளில் அதைப்போல் ஆறு மடங்கு. சின்ன இயந்திரத்தின் வோல்ட்டேஜ் அந்த நொடியில் பாதாளத்துக்குப் போகும். நிமிடச் சராசரியை மட்டும் சேமிக்கும் கருவி இதை விழுங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு நிமிடத்துக்கும் சராசரியோடு, அந்த நிமிடத்தின் உச்சமும் தாழ்வும் பதிவாக வேண்டும். இதை வாங்கும்போதே கேட்காவிட்டால் பிறகு கிடைப்பது கடினம். தீர்வு எளிது: மோட்டாரை மெதுவாக வேகமெடுக்க வைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் போடலாம், அல்லது தொட்டியைப் பெரிய இயந்திரம் ஓடும் மாலையிலேயே நிரப்பிக்கொள்ளலாம்.

இயந்திரம் மாறுவதைத் தானியங்கியாக்கினால் இடைவெளி விட்டு அமைக்க வேண்டும். சின்னதன் லோடு 85 சதவீதத்தை அரை நிமிடம் தாண்டி நின்றால் பெரியதை எழுப்பு. ஊரின் லோடு சின்னதன் திறனில் 60 சதவீதத்துக்குக் கீழே 15 நிமிடம் நின்றால் பெரியதை நிறுத்து என்பது தொடக்கத்துக்கு நல்ல அமைப்பு. இரண்டு எல்லையையும் அருகருகே வைத்தால் இயந்திரங்கள் மாறி மாறி ஸ்டார்ட் ஆகி, பேட்டரியும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் தேயும்.

இனி டீசலை அளப்பது. மின்னணு இன்ஜெக்ஷன் உள்ள எஞ்சினில் எரிபொருள் வேகத்தை எஞ்சினின் கணினியே ஜே 1939 என்ற எஞ்சின் தகவல் தொடர்பு வழியாகச் சொல்லும். அது இன்ஜெக்டர் திறக்கும் நேரத்திலிருந்து கணக்கிட்ட எண். முதலில் ஒருமுறை ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகு நம்பலாம். ஊர்ப்புற நிலையங்களில் பெரும்பாலும் இருப்பது பழைய மெக்கானிக்கல் பம்ப். அதற்கு மீட்டர்தான் வழி.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பல எஞ்சின்கள் எரிப்பதைவிடப் பல மடங்கு டீசலை இழுத்து, மீதியைத் திருப்பி அனுப்பும். போகும் குழாயில் ஒன்று, திரும்பும் குழாயில் ஒன்று என்று இரண்டு மீட்டர் வைத்துக் கழிப்பது வழக்கம். மணிக்கு 60 லிட்டர் போய் 50 திரும்புகிறது, எரிந்தது 10. இரண்டு மீட்டரும் ஒரு சதவீதம் மட்டுமே தவறினாலும் பிழை 1.1 லிட்டர் வரை போகும். அதாவது 11 சதவீதம். திரும்பி வரும் டீசல் சூடாகி விரிந்திருப்பதும் காற்றுக் குமிழிகளும் இதில் சேர்த்தி இல்லை. எங்கள் பரிந்துரை இதுதான்: திரும்பும் குழாயை எஞ்சின் பக்கத்திலுள்ள சிறு தொட்டியான டே டேங்கிலேயே முடியுங்கள். பெரிய தொட்டியிலிருந்து டே டேங்குக்குப் போகும் குழாயில் ஒரே ஒரு மீட்டர் வையுங்கள். எரிந்ததுதான் அதன் வழியாக நிரம்பும். கழித்தல் கணக்கே வேண்டாம். நிமிட அளவு கிடைக்காது, டே டேங்க் நிரம்பும் சுற்றுகளில்தான் கிடைக்கும். நாள் கணக்குக்கு அது போதும். மீட்டருக்கு முன்னால் வடிகட்டியும், மீட்டர் அடைத்துக்கொண்டால் எஞ்சின் பட்டினி கிடக்காமலிருக்கச் சீல் வைத்த பைபாஸ் வால்வும் கட்டாயம்.

சரிபார்ப்பதற்கு எடையைவிட நம்பகமான வழி இல்லை. ஒரு கேனைத் தராசில் வைத்து, எஞ்சினுக்குப் போகும் குழாய், திரும்பும் குழாய் இரண்டையும் அதற்குள் விட்டு, நிலையான லோடில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். லிட்டருக்குச் சுமார் 0.84 கிலோ, 10 கிலோ குறைந்தால் ஏறத்தாழ 12 லிட்டர் எரிந்திருக்கிறது. கேன் சிறிதாக இருந்தால் திரும்பும் டீசலால் சூடேறும். கை வைக்க முடியாத சூடு வந்தால் சோதனையை நிறுத்திப் பெரிய கேனுக்கு மாறுங்கள். தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும்.

தொட்டி மட்டத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வெயிலில் நிற்கும் 10,000 லிட்டர் தொட்டி 15 டிகிரி குளிர்ந்தால், டீசல் டிகிரிக்கு 0.083 சதவீதம் வீதம் சுருங்கி, மட்டம் 125 லிட்டர் குறைந்ததாகக் காட்டும். யாரும் திருடவில்லை. செங்குத்துத் தொட்டியின் அடியில் வைக்கும் அழுத்த உணரி இந்த ஏமாற்றத்துக்கு ஆளாவதில்லை. அது மேலிருக்கும் டீசலின் எடையைத்தான் அளக்கிறது. ஆனால் அந்த உணரியின் கேபிளுக்குள் காற்று போகும் நுண்குழாய் ஒன்று உண்டு. ஈரமோ பூச்சியோ அதை அடைத்தால், வெளிக் காற்றழுத்தம் ஒரு கிலோபாஸ்கல் மாறும்போதெல்லாம் மட்டம் 12 சென்டிமீட்டர் தவறாகத் தெரியும். படுத்த உருளைத் தொட்டி என்றால் உயரமும் கொள்ளளவும் நேர் விகிதத்தில் இல்லை: ஒரு மீட்டர் விட்டம், இரண்டு மீட்டர் நீளம் உள்ள தொட்டியில் நடு மட்டத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது 20 லிட்டர், அடியிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் அதே ஒரு சென்டிமீட்டர் 12 லிட்டர்தான். இந்த அட்டவணையைக் கருவியில் ஏற்றாமல் விட்டால் மாதம் முழுவதும் கணக்கு உதைக்கும்.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 5,000 லிட்டர் தொட்டியில் அரை சதவீதத் துல்லியம் உள்ள உணரிக்கு 25 லிட்டருக்குக் கீழே எதுவும் நிச்சயமாகத் தெரியாது. அப்படிப்பட்ட கருவியின் ஒரு கோடு இறங்கியதை வைத்து, மாதச் சம்பளத்துக்கு இரவெல்லாம் விழித்திருக்கும் ஆபரேட்டர் மீது பழி போடுவது பெரிய அநியாயம். இயந்திரம் நின்றிருந்தபோது மட்டம் இறங்கியதா, தொடர்ந்து பல இரவுகள் இறங்கியதா, குச்சி அளவும் அதையே சொல்கிறதா என்று பார்த்த பிறகுதான் கசிவு, திருட்டு என்ற பேச்சே எழ வேண்டும்.

யூனிட் மீட்டரில் தவறு பெரும்பாலும் சி.டி.யில், அதாவது ஒவ்வொரு ஃபேஸிலும் ஓடும் பெரிய மின்னோட்டத்தை மீட்டருக்கு ஏற்றபடி சிறிதாக்கித் தரும் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மரில். மூன்றில் ஒன்று தலைகீழாக மாட்டியிருந்தால், சமமான லோடில் மீட்டர் உண்மையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் காட்டும். 200 ஆம்பியரை 5 ஆக்கும், 200க்கு 5 சி.டி. இருக்க, மீட்டரில் 100க்கு 5 என்று அமைத்தால் பாதிதான் காட்டும்; லிட்டருக்கு 1.7 யூனிட் என்று வரும். நல்ல எஞ்சினைப் பிரித்துப் போடுவார்கள். ஒவ்வொரு ஃபேஸிலும் கம்பியைக் கவ்வி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டர் வைத்து ஒப்பிட்டு, ஃபேஸ் வாரியாகக் கிலோவாட் நேர்க்குறியில் இருக்கிறதா, பவர் ஃபேக்டர் (கே.வி.ஏ.வில் கிலோவாட்டின் பங்கு) நம்பும்படி இருக்கிறதா என்று பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஓடும் இயந்திரத்தில் சி.டி.யின் வெளி முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று குறுக்கிணைக்காமல், மீட்டருக்குப் போகும் அதன் கம்பியைக் கழற்றாதீர்கள். உயிருக்கு ஆபத்தான வோல்ட்டேஜ் எழும்.

அடுத்து, மீட்டர்களிலிருந்து கருவிக்கு அளவுகளைக் கொண்டுபோகும் தொடர்புக் கம்பி, ஆர்.எஸ். 485 என்ற வகை. முறுக்கிய இரட்டைக் கம்பி, கருவிக்குக் கருவி சங்கிலியாக, இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர், உறைக் கம்பிக்கு ஒரு முனையில் மட்டும் எர்த். கிளை பிரித்து இழுத்தால் சில நாள் ஓடும், பிறகு தகவல் காரணமில்லாமல் அறுந்து அறுந்து வரும். அந்தக் கம்பியில் கருவிகள் பேசும் முறையான மோட்பஸில் 32 பிட் எண் இரண்டு பாதியாக வரும். வரிசை மாறினால் 5 என்பது 3,27,680 ஆகத் தெரியும். இவ்வளவு கோரமான பிழை நல்லது, உடனே கண்ணில் படும்.

கருவிக்கு மின்சாரம் ஸ்டார்ட்டர் பேட்டரியிலிருந்து எடுப்பதில் இரண்டு கோளாறு. எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது 12 வோல்ட் ஒன்பதுக்கும் கீழே சரியும்; கருவி அணைந்து மறுபடி எழும்; நமக்கு மிகவும் வேண்டிய அந்த நொடிப் பதிவு தொலையும். இன்னொன்று, 5 வாட் கருவி நாளுக்குச் சுமார் 10 ஆம்பியர் மணி இழுக்கும். சார்ஜர் பழுதாகி இயந்திரம் நின்று கிடந்தால் 100 ஆம்பியர் மணி பேட்டரி ஐந்தாறு நாளில் எஞ்சினைச் சுழற்ற முடியாத நிலைக்கு வந்துவிடும். கருவிக்குத் தனிச் சிறு பேட்டரி வையுங்கள். ஆன்டெனாவிலும் தொடர்புக் கம்பியிலும் மின்னல் தடுப்பான் இல்லாவிட்டால் முதல் மழைக்காலத்தோடு எல்லாம் முடிந்தது.

சிக்னல் போய்ப் போய் வரும் இடங்களில் எல்லாவற்றையும் உடனுக்குடன் அனுப்ப வேண்டியதில்லை. 30 அளவுகள், ஒவ்வொன்றும் 4 பைட், நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் நாளுக்கு 173 கிலோபைட்தான். கருவி குறைந்தது ஒரு மாதப் பதிவைத் தனக்குள் வைத்திருந்து, சிக்னல் கிடைக்கும்போது விட்டதையெல்லாம் அனுப்ப வேண்டும். எச்சரிக்கைகள் மட்டும் உடனே, குறுஞ்செய்தியாக. அதிலும் சிக்கனம் தேவை. ஒரு நாளைக்கு நாற்பது செய்தி வந்தால் நாற்பத்தொன்றாவதை யாரும் திறக்க மாட்டார்கள்.

தொலைவிலிருந்து பார்ப்பது வேறு, தொலைவிலிருந்து ஸ்டார்ட் செய்வது வேறு. பெல்ட் மாற்றிக்கொண்டிருப்பவரின் கை உள்ளே இருக்கும்போது நூறு கிலோமீட்டர் தொலைவில் ஒருவர் பொத்தானை அழுத்தலாம். ஆளில்லாத நிலையமாக இருந்தாலொழிய, முதல் ஓராண்டு வாசிக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள். வேலை செய்பவர் சாவியை நிறுத்தத்தில் வைத்துப் பூட்டி, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிடும் வழக்கம் எப்போதும் இருக்க வேண்டும். ஆயில் அழுத்தம் விழுந்தால், தண்ணீர் கொதித்தால் எஞ்சினை நிறுத்துவது அங்கேயே இருக்கும் கன்ட்ரோலரின் வேலை. அது எந்த சிக்னலையும் நம்பி இருக்கக் கூடாது.

பராமரிப்புக்கும் இந்தப் பதிவு உதவும். ஏர் ஃபில்டருக்குப் பின்னால் இழுவை 6 கிலோபாஸ்கலை நெருங்கினால் அடைப்பு. எல்லா சிலிண்டரின் புகை வெப்பமும் ஏறும். ஒரே சிலிண்டர் மட்டும் குளிர்ந்திருந்தால் அதன் இன்ஜெக்டரைப் பாருங்கள். லோடு மாறாமலே அதிர்வெண் மேலும் கீழும் ஆடினால் முதலில் டீசல் ஃபில்டர், அடுத்து குழாயில் காற்றுக் கசிவு, கடைசியில்தான் எஞ்சினின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர்.

மின்சாரம் நிலையத்தை விட்டு வெளியேறிய பிறகும் டீசல் வீணாகலாம். அலாஸ்காவில் சாலையே போகாத பல ஊர்கள் டீசலில்தான் ஓடுகின்றன. எரிபொருள் ஆண்டுக்கு ஓரிரு முறை படகில் வந்தால் உண்டு. அந்த மாநிலத்தின் மின்கட்டண உதவித் திட்டம், நிலையம் ஒரு கேலனுக்கு எத்தனை யூனிட் எடுக்க வேண்டும் என்று வரையறுத்திருப்பதோடு, வீடுகளுக்குப் போகும் வழியில் ஏற்படும் கம்பி இழப்பு 12 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. நிலையத்திலிருந்து வெளியே போன யூனிட்டையும் வீட்டு மீட்டர்களின் கூட்டுத்தொகையையும் மாதந்தோறும் ஒப்பிட்டால் கம்பி இழப்பு தெரிந்துவிடும். டீசலுக்கு மானியம் தரும் எந்த அரசும், எரிபொருளுக்கு எத்தனை யூனிட், கம்பி இழப்பு எவ்வளவு என்ற இந்த இரண்டு எண்களையும் கேட்டு வாங்கலாம்.

கருவி வாங்கும் உள்ளாட்சிகளும் கூட்டுறவுகளும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை: எடைச் சோதனையோடு டீசல் மீட்டர் 3 சதவீதத்துக்குள் ஒத்துப்போன பிறகே முழுப் பணம்; ஃபேஸ் வாரியான பதிவும் நிமிட உச்சம், தாழ்வும் கட்டாயம்; பதிவுகள் அனைத்தும் எந்தக் கணினியிலும் திறக்கும் எளிய கோப்பாக நிலையத்துக்குச் சொந்தம்; சிம், சர்வர் கட்டணம் முதல் ஆண்டுக்குப் பிறகு எவ்வளவு, யார் கட்டுவது; திரையில் தெரிவது ஆபரேட்டரின் அறையிலும் அவர் மொழியில் தெரிய வேண்டும். கருவி வருவதற்கு முந்தைய ஒரு மாதம், குச்சி அளவையும் மீட்டர் வாசிப்பையும் ஒரே நிமிடத்தில் நோட்டில் குறித்து வையுங்கள். பிறகு எவ்வளவு மிச்சமானது என்று ஒப்பிட அந்த நோட்டு இல்லாமல் முடியாது.

இப்படிக்கு,
டீசல் மின் நிலைய இயக்கம், பராமரிப்புப் பணியில் உள்ளவர்கள்